இரண்டாவது தட்டு

விளக்கு சூடாகட்டும். இந்த மைக்ரோஸ்கோப்பின் விளக்கு சுவிட்சைப் போட்டதும் எரிகிற ஜாதியில்லை, கொஞ்ச நேரம் முனகிவிட்டுத்தான் முழு வெளிச்சத்துக்கு வரும், அதுவரைக்கும் யாரும் என்னை எதுவும் கேட்க முடியாது, நானும் என்னை எதுவும் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஜன்னல் இல்லாத அறை. வெளியே கோயம்புத்தூர் காலை வெயிலில் பஸ்ஸும் ஆட்டோவுமாக ஓடிக்கொண்டிருக்கும், இங்கே ஏசிக் குளிரும் ஸ்பிரிட் வாசனையும் நானும் மட்டும். மேஜைமேல் மூடி போட்ட இரண்டு சின்ன பிளாஸ்டிக் தட்டுகள், தோசைக்குச் சட்னி வைக்கக்கூடக் காணாது. முதல் தட்டில் நான் இருக்கிறேன். இரண்டாவதில் பாப்பு இருக்கிறாள். அப்படித்தான் நானும் என்கூட வேலை செய்யும் பெனாசிரும் சொல்லிக்கொள்கிறோம். என் கைத்தோலில் ஒரு துணுக்கை வெட்டி அதிலிருந்து வளர்த்த செல்கள் முதல் தட்டில், என் அக்கா மகள் தன்விகாவின் கைத்தோலில் வெட்டி வளர்த்தவை இரண்டாவதில். மூடிகளின்மேல் பெனாசிர் மார்க்கரால் 'மா' என்றும் 'பா' என்றும் எழுதியிருக்கிறாள், மாமாவுக்கு மா, பாப்புவுக்குப் பா. இரண்டுக்கும் ஒரே மருந்தைத்தான் ஊற்றினோம். மருந்து என்று சொல்லக்கூடாது, மருந்து என்று சொன்னால் அக்கா அதைக் கரண்டியில் ஊற்றிக் கேட்பாள். கொழுப்பாலான ஒரு பொட்டலம், அதற்குள் பாப்புவிடம் பழுதாகிப்போன அந்த ஒரே ஒரு மரபணுவின் நல்ல நகல், கூடவே ஒரு பச்சை வெளிச்சத்துக்கான நகல். மரபணு போய்ச் சேர்ந்து வேலையைத் தொடங்கினால் செல் பச்சையாக மினுங்கும். சேரவில்லையென்றால் இருட்டு. இதற்கு நடுவில் எதுவும் இல்லை, இருந்தால் நன்றாக இருக்கும்.

போன் நடுங்குகிறது. அக்காதான். எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பாள், எடுத்தால் கேட்பாள். "லோகு, அவிநாசி தாண்டிட்டோம்டா. பாத்தியா?" என்றாள். பஸ்ஸின் ஹாரன் அவள் குரலுக்கு மேல் ஏறி மிதித்தது. "இன்னும் இல்லக்கா, விளக்கு சூடாகோணும்." "அதென்ன விளக்குடா, நாங்க அந்தியூர்ல இருந்து வந்து சேர்ற நேரத்துக்கும் சூடாகாத விளக்கு?" சாந்தாமணி என்று பெயர், ஆனால் சாந்தம் என்பது அவள் பக்கத்து வீட்டில்கூடக் குடியிருந்ததில்லை. "பாப்பு ஜன்னலோரம் உக்காந்திருக்கறா. பச்சையா மினுங்குமாமா, எனக்கும் காட்டுவாங்களான்னு கேக்கறா. உங்க மாமா நேத்தே கோயில்ல சொல்லி வெச்சுட்டாரு, நல்ல சேதி வந்தா ஊருக்கே சோறு போடறேன்னு." சரிக்கா என்றேன். "சரின்னா? ஏன்டா உங்குரலு இப்புடி இருக்குது?" ஏசிக்கா, குளிரு, என்றேன். குளிர்தான். விரல் நுனியெல்லாம் விறைத்துக்கிடக்கிறது. மாமா என்று அவள் சொன்ன ஈஸ்வரமூர்த்தி எங்கள் அம்மாவின் அண்ணன் மகன், அக்காவின் புருஷன். சொந்தம் விட்டுப்போய்விடக்கூடாது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்த கல்யாணம். சொந்தம் விட்டுப்போகவில்லை. ஒரே பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து பாப்புவிடம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. என்னிடம் அதில் பாதி இருக்கிறது, பாதி இருந்தால் ஒன்றும் செய்யாது, நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், நன்றாகத்தான் தூங்குகிறேன், அதாவது போன மாதம்வரை தூங்கினேன். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. குறை சொல்ல ஒரு ஆள் கிடைத்தால்கூடக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

முனகல் இன்னும் நிற்கவில்லை. மிக்ஸியைப் போல ஒரு முனகல். மிக்ஸி என்றதும் அந்த நினைப்பு வந்துவிடுகிறது, வேண்டாம் என்றாலும் வருகிறது. பாப்புவுக்காக நான் கண்டுபிடித்த வித்தை அது. வாயாலேயே மிக்ஸி ஓட்டுவேன், டுர்ர்ர் என்று வேகம் ஏறி உச்சத்துக்குப் போகும்போது "கரண்டு போச்சு" என்பேன், சத்தம் அப்படியே இறங்கி இறங்கிச் செத்துப்போகும், கடைசியில் என் தலையும் தொங்கிவிடும். உருண்டு உருண்டு சிரிப்பாள். காதுகுத்துக்கு என் மடியில் உட்கார வைத்தபோது அழுத அழுகையையும் அந்த மிக்ஸிதான் நிறுத்தியது, ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். தாய்மாமன் மடியென்றால் சும்மாவா என்று பெரியம்மா ஒருத்தி சொன்னாள், நான் மீசையே இல்லாத இடத்தில் மீசையைத் தடவிக்கொண்டேன். பிறகு ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது அதே மிக்ஸி, அதே கரண்டு போச்சு, அவள் சிரித்தாள், சிரித்தபடியே முழங்கால் மடிந்து பொத்தென்று விழுந்தாள். நடிக்கிறாள் என்று நினைத்து நான் இன்னும் வேகமாக மிக்ஸி ஓட்டினேன். கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, கை கால்தான் அவளுடையதாக இல்லை. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டாள். அப்புறம் எப்போது சிரித்தாலும் விழுந்தாள். அந்த வியாதிக்கு அப்படி ஒரு குணம், செல்லுக்குள் கொழுப்பு தேங்கித் தேங்கி மூளை நரம்பு மக்கிப்போகிறபோது சிரிப்பு வந்தால் உடம்பு கழன்றுவிடும். ஒருமுறை நெற்றி வாசற்படியில் பட்டுத் தையல் போட்டார்கள். அன்றையிலிருந்து அந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. டிவியில் காமெடி வந்தால் அக்கா ஓடிவந்து மாற்றுவாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வந்தால் "வெளையாடுங்க, ஆனா சிரிக்க வெக்காதீங்க சாமி" என்பாள். அவர்கள் பயந்துபோய் வருவதையே விட்டுவிட்டார்கள். நான் போனாலும் வாசலிலேயே சொல்லிவிடுவாள், மிக்ஸி கிக்ஸி எல்லாம் வெச்சுக்காத லோகு. சரி என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாப்பு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கொழுப்பு. பதினெட்டு வயதில் நான் கொழுப்பைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்றபோது அப்பா சொன்னது, உனக்கு இருக்கிறது போதாதா என்று. செல்லின் தோலே கொழுப்புதான் அப்பா. எண்ணெய்ப் படலம். சுவரும் அதுதான், கதவும் அதுதான், கதவுக்கென்று தனியாக ஒன்றும் வைக்கவில்லை. நாங்கள் அனுப்புகிற பொட்டலமும் கொழுப்பு என்பதால் அது செல்லின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும், செல் அதை ஒரு பைக்குள் போட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். இதுவரைக்கும் எல்லார் செல்லிலும் நடக்கும். அதன் பிறகுதான் சங்கதி. பையும் பொட்டலமும், ரசத்தின்மேல் இரண்டு எண்ணெய்த் துளிகள் சேருமே, அதைப் போலச் சேர வேண்டும், சேர்ந்து பை உடைந்து மரபணு வெளியே வர வேண்டும். அதற்குப் பையின் சவ்வு வளைந்து கொடுக்க வேண்டும். எந்தக் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது வளையும். பாப்புவின் பைகளில் கொலஸ்ட்ரால் வெளியேற வழியில்லாமல் அடைந்துகிடக்கிறது, மார்கழியில் பாட்டிலோடு உறைந்துபோன தேங்காய் எண்ணெயைப் போல. அது வெளியேற அந்த நல்ல மரபணு வேண்டும். அந்த மரபணு பையை விட்டு வர வேண்டுமென்றால் கொலஸ்ட்ரால் வெளியேற வேண்டும். எங்கே பிடித்து எங்கே ஆரம்பிப்பது. ஆனால் போன மாதம் மினுங்கியதே. இதே அறையில், இதே நாற்காலியில், பாப்புவின் தட்டு வயல்வெளி மாதிரிப் பச்சையாகக் கிடந்ததே. பெனாசிரைக் கூடக் கூப்பிடவில்லை, முதலில் அக்காவுக்குத்தான் போன் போட்டேன். "உள்ள போயிருச்சுக்கா, வேலை செய்யுதுக்கா" என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவள் அழுத சத்தம், அப்புறம் "வந்து பாக்கலாமாடா, எங்கண்ணால பாக்கோணும்டா" என்று கேட்டாள். வா என்றேன். அடுத்த நாள் பெனாசிர் முகம் வெளுத்து வந்து நின்றாள். "சார், பாட்டில் மாறிடுச்சு சார்." செல்களுக்குச் சோறு சீரம்தான், கன்றுக்குட்டி ரத்தத்திலிருந்து எடுப்பது. உறைந்திருக்கும் பாட்டில்களை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டுத்தான் இளக்குவோம், லேபிள் ஈரத்தில் கழன்று தொட்டியின் அடியில் கிடக்கும், எந்த லேபிள் எந்தப் பாட்டிலுடையது என்று நிறத்தை வைத்து அனுமானிப்போம், எல்லா ஊரிலும் எல்லா லேபிலும் நடக்கிற கூத்து இது. அன்றைக்குப் பாப்புவின் செல்களுக்குப் போனது கொழுப்பை வடித்தெடுத்துவிட்ட சீரம். கிட்டத்தட்டப் பத்தியம். பட்டினி கிடந்த செல் தேக்கி வைத்ததைத் தின்று பையை இளக்கியிருக்கிறது, கதவு திறந்திருக்கிறது. மினுங்கியது என் பொட்டலத்தின் சாமர்த்தியமா, பாட்டிலின் வேலையா? பெனாசிரைத் திட்ட வாய் வரவில்லை, அவளே அழுதுகொண்டிருந்தாள். மறுபடி செய்து பார்ப்போம் என்றேன், சரியான சோற்றோடு, உடம்புக்குள் இருக்கிற மாதிரி. அதுதான் இந்த இரண்டாவது தட்டு.

அக்காவிடமும் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த வாட்டி செல்லுக்குக் கொழுப்பு இல்லாத சாப்பாடு போயிருச்சுக்கா, அதனால கூடப் பச்சை வந்திருக்கலாம், மறுபடி பாக்கோணும் என்றேன். அவள் அதில் கொழுப்பு இல்லாத சாப்பாடு என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து நெய் கிடையாது, முட்டை கிடையாது, தேங்காய் கிடையாது. பாப்புவுக்கு உயிரே நெய் ரோஸ்ட். இப்போது வேகவைத்த இட்லியும் தாளிக்காத பருப்பும். போன வாரம் வீடியோ காலில் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. அக்கா, செல்லு வேற, பாப்பு வேற, அவளோட மூளை தனக்கு வேணுங்கற கொழுப்பைத் தானே சமைச்சுக்கும், நீ நெய்யை நிறுத்தறதால அங்க ஒண்ணும் ஆகாது, குழந்தையக் காயப்போடாத என்றேன். "வேறன்னா அப்பறம் எதுக்குடா அவ கையிலிருந்து வெட்டி எடுத்தீங்க?" என்று கேட்டாள்.   எத்தனையோ பேர் கூடிய கூட்டங்களில் படம் போட்டுப் பேசியிருக்கிறேன், எல்லாக் கேள்விக்கும் நல்ல கேள்வி என்று தொடங்கி ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு மட்டும் சார்ஜ் இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.

முனகல் நின்றுவிட்டது. விளக்கு தயார். இனிச் சாக்கு இல்லை. முதலில் என்னை வைக்கிறேன், முறை அதுதான், முதலில் நல்ல செல்லைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணை வைத்தால், அடேயப்பா. ஒவ்வொரு செல்லும் பச்சை. இவ்வளவு அழகாக என்னை யாரும் காட்டியதில்லை. எதற்கு இது? எனக்கு எதற்கு? கேட்காத இடத்தில் கொட்டிக் கொடுக்கிறதே. தேவையே இல்லாத தோல் முந்திக்கொண்டு வாங்கி வைத்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறது. கோபம் வருகிறது, என் கையை நானே கிள்ளிக்கொள்ளலாம் போல. அந்தத் துணுக்கு வெட்டிய தழும்பு முழங்கைக்குக் கீழே இன்னும் இருக்கிறது, அவளுக்கும் அதே இடத்தில்தான், இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வெட்டினார்கள், மாமாவுக்கு வலிக்கலையாம் பாரு என்று காட்ட நான் முதலில் கையை நீட்டினேன். வலித்தது. சரி. இப்போது இரண்டாவது தட்டு. எடுக்கிறேன். ஒருவேளை மினுங்கினால்? மினுங்கினால் பாட்டில் காரணமில்லை, நான் கத்தியது பொய்யில்லை, அவளுக்கு ஒரு வழி உண்டு. வைக்கிறேன். பச்சையைக் காட்டுகிற வெளிச்சத்தைப் போடுகிறேன். இருட்டு. குவியத்தைத் திருகுகிறேன், மேலே, கீழே. இருட்டு. தட்டை நகர்த்துகிறேன், ஓரத்தில் எங்கேயாவது, ஒன்றே ஒன்று, ஒரு அரைப் பச்சை. இல்லை. பொட்டலங்களின் மேல் சிவப்புச் சாயம் பூசியிருந்தோம், அதைப் பார்க்கச் சிவப்புக்கு மாற்றுகிறேன். இருக்கின்றன. ஐயோ, எல்லாமே இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குட்டிக் குட்டியாக, நெருக்கமாக, மாதுளம் முத்துக்களைப் போல. உள்ளே போய்விட்டன. ஒன்றுகூட வெளியே நிற்கவில்லை. ஒன்றுகூடப் பையை விட்டு வரவில்லை. நல்ல மரபணு அவள் செல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, போய்ச் சேர வேண்டிய இடம் ஒரு மயிரிழை தூரம்கூட இல்லை, நடுவில் உறைந்த கொழுப்பில் ஒரு படலம். தட்டிக்கொடுத்தால் வருமா, ஊதினால் வருமா என்று பைத்தியம் மாதிரி யோசிக்கிறேன். எல்லாம் படித்தவன் இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்குத்தானா படித்தான். கண்ணை எடுக்க முடியவில்லை. எடுத்தால் இது நடந்ததாக ஆகிவிடும்.

போன் மறுபடி. இறங்கிவிட்டார்கள், ஆட்டோ பிடித்துவிட்டார்கள். அவள் வருகிறாள். என்ன செய்ய? முதல் தட்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதை வைத்துவிட்டால் போதும். அக்காவுக்கு மாவையும் பாவையும் எப்படித் தெரியும், செல்லுக்கு முகமா இருக்கிறது. பாரு அக்கா என்றால் பார்ப்பாள், பச்சை தெரியும், அழுவாள், ஊருக்குச் சோறு போடுவார்கள், இந்த ஒரு நாளாவது அவள் நன்றாக இருப்பாள். நாளைக்கு? நாளைக்கு என்ற ஒன்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் இப்படியெல்லாம் யோசிக்கிறவன் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. கை தானாகவே போய் முதல் தட்டை எடுத்து வைத்துவிட்டது, வைத்த பிறகுதான் கவனித்தேன். மூடியைக் கழற்றி ஓரமாக வேறு வைத்திருக்கிறேன், எழுத்து தெரியாமல் கவிழ்த்து. கதவு தட்டும் சத்தம். பெனாசிர் தலையை நீட்டி, "சார், அக்கா வந்துட்டாங்க" என்றாள், என் முகத்தைப் பார்த்ததும் கதவை அகலத் திறந்து வழிவிட்டாள்.

அக்கா வெயிலோடும் மல்லிகை வாசனையோடும் உள்ளே வந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள், லேபுக்குப் பட்டுப்புடவை. பின்னாலேயே பாப்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி. "மா...மா" என்றாள், இப்போதெல்லாம் வார்த்தை நடுவில் நின்று நின்றுதான் வருகிறது. அக்கா நேராக மைக்ரோஸ்கோப்புக்குப் போய்க் குனிந்து கண்ணை வைத்தாள். "அட சாமி" என்றாள். "அட எஞ்சாமி, எவ்வளவு பச்சை." அவள் முதுகு குலுங்கியது. "இது பாப்புதுதானடா?" இப்போது ஆமாம் என்று சொன்னால் போதும், ஒரே வார்த்தை, ஒன்றும் கனமில்லை. பாப்பு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு. "இல்லக்கா" என்றேன். "இது என்னோடது." அக்கா நிமிர்ந்தாள். நான் தட்டை மாற்றி வைத்தேன். அவள் மறுபடி குனிந்தாள், வெகுநேரம் பார்த்தாள், நான் முன்பு திருகிய அதே திருகை அவளும் தொட்டுத் தடவினாள். "உள்ள போகவே இல்லையா?" "போயிருச்சுக்கா. எல்லாமே போயிருச்சு. வெளிய வர மாட்டீங்குது." "வர வெக்க முடியாதா?" "எனக்குத் தெரியலக்கா." "எப்பத் தெரியும்?" "அதும் தெரியலக்கா." இதற்கு முன்னால் நான் அக்காவிடம் தெரியாது என்று இத்தனை முறை சொன்னதேயில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை, புடவைக் கொசுவத்தை மட்டும் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப நெய்யி?" என்றாள். "குடுக்கா. எல்லாத்தையும் குடு." "ஒரு மாசமா எங்கொழந்தையக் காயப்போட்டனேடா" என்றாள் அப்போதும் நீவிக்கொண்டே. "நா...னு" என்றாள் பாப்பு, அவளுக்குப் பச்சை பார்க்க வேண்டும். அவளைத் தூக்கிப் பிடித்தேன், கனமே இல்லை. அவளால் கண்ணை மட்டும் கீழே இறக்க முடியாது, வியாதி அதையும் எடுத்துக்கொண்டுவிட்டது, அதனால் தலையை மொத்தமாகச் சாய்த்து ஒரு கோழி தண்ணீர் குடிப்பது மாதிரிப் பார்த்தாள். வைத்திருந்தது இரண்டாவது தட்டு. எனக்கு மாற்றத் தோன்றவில்லை. அவள் இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாமா, கர...ண்டு போச்சா?" என்று கேட்டாள்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, என் தொண்டை தானாகவே மிக்ஸியாகிவிட்டது. உச்சத்திலிருந்து இறங்கி, டுர்ர்ர் என்று இழுத்து, முக்கி, கடைசியில் செத்து, என் தலையும் தொங்கியது. பாப்பு சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு. சிரிக்கும்போதே கழுத்து தளர்ந்தது, கை நழுவியது, மொத்த உடம்பும் ஈரத் துணி போல என்மேல் சரிந்தது, நான் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கண் திறந்திருந்தது, அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, அதற்குள் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. அக்கா எழுந்துவிட்டாள். திட்டப்போகிறாள், எத்தனை தடவ சொன்னேன் என்று கத்தப்போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் கிட்டே வந்தாள். ஒரு கையைப் பாப்புவின் தலைக்கு அடியில் கொடுத்தாள், இன்னொரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் விரல்கள் மெல்ல அசைந்து என் சட்டையைத் தேடிப் பிடித்தன.

"கெட்டியாப் புடிச்சிருக்கறயா?" என்று கேட்டாள் அக்கா.

"புடிச்சிருக்கறேன்க்கா."

"அப்ப இன்னொருக்கா பண்ணுடா" என்றாள்.